மூதில் மகளிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டை நிலமாகக் கொண்டு நான் எழுதிவரும் அறிவியல் மாயக்கதைத் தொடரைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். தொடரைப் படிக்காதவர்களும் படிக்கலாம். முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. எது வரலாறு, எது என் கற்பனை என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்திருக்கிறேன். வரும் கடிதங்களில் பாதி அந்தக் குழப்பத்தால் வருபவை.

கதைதான் என்ன?

இன்றிலிருந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து நடக்கிறது. வைகை வரைபடத்தில் மட்டும் ஓடுகிறது. கடலோரத்தில், கடல்நீரைக் குடிநீராக்கி விற்கும் குத்தகைதாரர்கள் வைத்ததுதான் சட்டம். உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து வரும் அவர்கள் கண்ணில் செட்டிநாட்டு ஊருணிகள் படுகின்றன. மழையை மட்டும் நம்பி, எவருக்கும் வரி கட்டாமல் கிடக்கும் தண்ணீர்.

அந்த ஊருணிகளைக் காக்க ஒரு காலத்தில் பெண்கள் படை ஒன்று இருந்தது. மண்குதிரைகளை நடக்கவைத்துப் போரிட்ட அந்தப் படையின் பெயர் மூதில் மகளிர். கலைந்து பல தலைமுறை ஆகிவிட்டது. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீட்டின் இரும்புப் பெட்டியில் சிகப்பி ஆச்சிக்கு ஒரு பழைய பேரேடு கிடைக்கிறது. அதில் 'மூதில் மகளிர் பற்று' என்று ஒரு தலைப்பு. கடைசியாக ஒரு வரி எழுதப்பட்டு, கணக்கு முடிக்கப்படாமலே நிற்கிறது. அன்றன்றைய கணக்கை முடிக்காமல் ஒருநாளும் தூங்கப் போகாதவர் சிகப்பி ஆச்சி. அவருடைய அந்த அரிப்பிலிருந்து கதை தொடங்குகிறது. பிறகு வந்து சேர்கிறார்கள் மண்குதிரை செய்யும் வேளார் தெருவைச் சேர்ந்த பொன்னழகும், இளையான்குடியிலிருந்து வரும் மின்வேதியியலாளர் ஆயிஷாவும்.

இப்படி ஒரு படை உண்மையில் இருந்ததா?

இல்லை. பெயர் மட்டும் பழையது. புறநானூற்றின் 279ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு தாயைக் காட்டுகிறார். சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர்தான் இந்தப் புலவரின் ஊர் என்பது இங்கே பலரும் கொள்வது. அந்தத் தாயின் தமையன் (தந்தை என்று உரை சொல்வோரும் உண்டு) முந்தைய போரில் யானையை வீழ்த்தி மாண்டான். நேற்றைய போரில் ஆநிரையைக் காத்துக் கணவன் மாண்டான். இன்றும் பறை கேட்கிறது. வீட்டில் எஞ்சியிருப்பவன் ஒரே மகன். அவன் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளை ஆடை உடுத்தி, கலைந்த தலைக்கு எண்ணெய் தடவிக் களத்துக்கு அனுப்புகிறாள். இவள் மூதில் மகள், அதாவது பழைய மறக்குடிப் பெண், ஆவது தகும் என்கிறார் புலவர்.

இந்தப் பாட்டின் மீது எனக்கு மாறாத மதிப்பும் உண்டு, மாறாத எரிச்சலும் உண்டு. வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் அனுப்பும் துணிவு அவளுக்கு இருந்ததே, அந்த வேல் ஒருமுறையாவது அவள் கையிலேயே தங்கியிருக்கக் கூடாதா? எண்ணெய் தடவிய அந்தக் கை எதற்குப் பழகிய கை? என் படை இங்கிருந்துதான் புறப்பட்டது.

வேலு நாச்சியாரின் பெண்கள் படையைத்தான் வேறு பெயரில் எழுதுகிறீர்களா?

இல்லை. ஆனால் அந்த நிழல் படாமல் சிவகங்கைச் சீமையில் எந்தக் கதையையும் எழுத முடியாது. 1772இல் காளையார்கோவிலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவருடைய மனைவி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். இவ்வளவும் வரலாறு.

அரசி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்ட உடையாள், அவள் பெயரால் திரண்ட பெண்கள் படை, உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த குயிலி ஆகியோர் வாய்மொழி மரபில் வாழ்பவர்கள். எழுத்துச் சான்று எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு உண்டு. அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளி கோவிலில் உடையாளைக் கும்பிடுகிறவர்களுக்கு அந்த வழக்கால் ஒன்றும் குறைவில்லை.

குயிலியை ஏன் பாத்திரமாக்கவில்லை என்று கேட்கிறார்கள். அவர் கையில் ஒரு ஒளிவாளைக் கொடுத்து விண்கலத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பேரேட்டில் 1780க்கு நேராக ஒரே ஒரு வரி வருகிறது: அந்த ஆண்டு யாரோ தண்ணீர் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை, கணக்கை எழுதியவரும் அதைக் கேட்கவில்லை. அதற்கு மேல் அந்தக் காலத்தை நான் தொடவில்லை.

செட்டிநாடு வணிகர் பூமி ஆயிற்றே, அங்கே எங்கிருந்து போர்மகளிர்?

மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். 1687இல் இராமநாதபுரத்து மன்னர் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை கூப்பிடு தூரம். சிராவயல் மஞ்சுவிரட்டில் காளைக்கு முன்னால் நிற்கிறவர்கள் வட்டித்தொழில் செய்து பழகியவர்கள் அல்லர். ஒரே செம்மண்ணில் இத்தனை வகை வாழ்க்கையும் நடந்திருக்கிறது.

வணிகமும் எனக்குத் தேவைப்பட்டது. படை நடத்தச் சோறு வேண்டும், சோற்றுக்குக் கணக்கு வேண்டும். நகரத்தார் பேரேடும் ஐந்தொகையும் எழுதிய துல்லியத்தோடு ஒரு படை தன் இழப்புகளை எழுதிவைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மண்குதிரை நடப்பது அறிவியலா, மாயமா?

இரண்டும். எது எங்கே முடிகிறது என்பதில் ஆயிஷாவுக்கும் பொன்னழகுக்கும் நடக்கும் சண்டை கடைசி அத்தியாயம்வரை தீராது.

அறிவியல் பக்கத்தை முதலில் சொல்கிறேன். சிவகங்கை வட்டாரத்தில் கிராஃபைட் படிவுகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது. பென்சில் முனையில் இருக்கும் அதே கரிதான், மின்கலத்தில் மின்முனையாகவும் நிற்கிறது. சுட்ட மண்ணுக்கு நுண்துளைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் டேனியல் மின்கலத்தில் இரண்டு கரைசல்களும் கலந்துவிடாமல் பிரித்து நிறுத்தியது மெருகிடாத மண்பாத்திரம். காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஊரார் வாயில் செக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. கரி, மண், மின்வேதியியல் மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடக்கும்போது எழுத்தாளர் வேறு என்ன செய்வார்?

கதையில் செக்ரி வளாகம் பாதி இடிந்து, 'அழகப்பர் மடம்' என்ற பெயரோடு நிற்கிறது. அங்கே படித்த ஆயிஷா, குதிரையின் வயிற்றுக்குள் கரித்தகடும் இரும்பும் அடுக்கி, ஊருணித் தண்ணீரை ஊற்றி, மின்னழுத்தத்தை அளக்கிறாள். அளவு சரியாக வருகிறது. குதிரை நடக்கவில்லை. பொன்னழகு வந்து அதன் நெற்றியில் கை வைத்ததும் முன்னங்கால் எழுகிறது. கருவியின் முள் அசையவே இல்லை. அந்த இடத்துக்கு என்னிடம் சமன்பாடு கிடையாது, கேட்காதீர்கள்.

விலை உண்டு. நடந்து முடித்த குதிரை வயிற்றிலிருந்து வடியும் நீர் ஊருணிக்கே திரும்புகிறது. மண்ணில் உறைந்திருந்த உப்பு அத்தனையும் அதோடு போகிறது. ஒரு குதிரையை ஒரு பொழுது நடத்தினால் அந்த ஊருணியை அடுத்த மழைவரை வாயில் வைக்க முடியாது. தண்ணீரைக் காக்கும் ஆயுதமே தண்ணீரைக் கெடுக்கிறது. இந்த ஒரு விதியை நான் எந்தக் காட்சிக்காகவும் தளர்த்தியதில்லை.

சண்டையைவிடக் கூட்டமும் கணக்கும்தான் அதிகமாக இருக்கிறது. ஏன் இழுக்கிறீர்கள்?

மேலே சொன்ன விதியால்தான். குதிரையை எழுப்பும் திறமை மூன்று பேருக்கு இருக்கலாம். உவர்த்த தண்ணீரைக் குடிக்கப் போவது ஊர் முழுக்க. அதனால் பழைய மூதில் மகளிருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த ஊருணியைப் பயன்படுத்துகிறார்களோ அதில் குடம் நனைக்கும் வீடு ஒவ்வொன்றும் சம்மதிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு குரல், அந்தக் குரல் அந்த வீட்டில் தண்ணீர் எடுப்பவருடையது. தண்ணீர் எடுப்பவர் பத்து வயதுச் சிறுமியாக இருந்தால் அவள் சொல்வதுதான் முடிவு.

நின்றுபோன ஒரு போர்மரபை மீட்பது என்றால் வாளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எடுத்தவுடன் அதைத்தான் பொன்னழகும் செய்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தில், யாரையும் கேட்காமல் ஒரு குதிரையை எழுப்பி, குத்தகைதாரரின் மூன்று வண்டிகளைக் கவிழ்த்துவிட்டு வருகிறாள். எனக்கு வந்த கடிதங்களில் அந்தக் காட்சிக்குத்தான் பாராட்டு அதிகம். அடுத்த அத்தியாயத்தில் பிள்ளை பெற்று ஐந்து நாளான ஒரு பெண் உவர்நீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் குடிக்கிறாள். அதைப் பற்றி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஊருணிக்கரையில் சிகப்பி ஆச்சி பேரேட்டைத் திறந்து, பற்றுப் பக்கத்தில் முதல் புதிய வரியை எழுதுகிறார். படை மீண்டும் பிறந்தது அந்த வரியில் என்பது என் கட்சி.

ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட குதிரையை ஆயுதமாக்குவது முறையா?

முறையில்லை. கதையிலும் முறையில்லை. ஐயனாருக்கு மண்குதிரை நேர்ந்துவிடும் புரவி எடுப்புத் திருவிழாவில் வேளார் செய்த குதிரைகளுக்குக் கண் திறந்து ஊர்வலமாகக் கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள் அல்லவா? கண் திறந்துவிட்டால் அது சாமியுடைய குதிரை, அதைத் தொடுகிற உரிமை படைக்குக் கிடையாது. மூதில் மகளிர் பயன்படுத்துவது கண் திறக்காத குதிரைகளை. அவற்றின் முகத்தில் விழி இருக்க வேண்டிய இடம் வெறும் குழியாக இருக்கும். இரண்டாம் பாகத்தில் ஒருத்தி இந்த விதியை மீறுகிறாள். என்ன நடந்தது என்று இங்கே சொல்ல மாட்டேன்.

வளரி எறிந்தால் கைக்குத் திரும்பி வருமா?

என் கதையில் வராது. எறிந்தவள் நடந்துபோய் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

வளரி இந்தச் சீமையின் ஆயுதம், வளைந்த வடிவில் இருக்கும், கையால் வீசி எறிவது. மரத்திலும் இரும்பிலும் செய்தார்கள், தந்தத்தில் செய்தவையும் அருங்காட்சியகங்களில் உண்டு. கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அதே மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையிலும் அவர் இருந்தார். 1801க்குப் பிறகு சீமையில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன.

ஆயுதம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. எந்த விரலை எங்கே வைப்பது, எந்த அடியில் இடுப்பைத் திருப்புவது என்று சொல்லித்தருகிற வாய் நின்றுவிட்டால் வெறும் வளைந்த கட்டைதான் மிச்சம். மீட்பவர்களுக்கு உண்மையான தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்படியானால் பயிற்சியை எங்கிருந்து கண்டுபிடிக்கிறார்கள்?

தரையிலிருந்து. இதை எழுதும்போது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி வேறு எந்த அத்தியாயத்திலும் கிடைக்கவில்லை.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் ஓர் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஓர் அறை, பச்சை ஓர் அறை, மஞ்சள் ஓர் அறை. அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பு பச்சைக்குள் வழிந்துவிடும். தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரம் இறங்கியதும் சாந்தைப் போட்டு மட்டப்படுத்தி, வெயிலில் வைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடி கழன்று வரும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. கல் செய்கிற ஆள் வேலை முடியும்வரை பூவின் முதுகைத்தான் பார்க்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை.

கதையில், கானாடுகாத்தான் வீட்டு வளவின் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியின்) தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்கள் திசை மாறிப் பதிக்கப்பட்டிருக்கின்றன. கொத்தனாரின் கவனக்குறைவு என்று நான்கு தலைமுறை திட்டியிருக்கிறது. ஒருநாள் பொன்னழகு கால் நனைந்தபடி வளவைக் கடக்கிறாள். ஈரத் தடங்கள் அந்தத் திசைமாறிய கற்களில் ஒவ்வொன்றாக விழுகின்றன, கடைசிக் கல்லில் உடம்பு தானாகத் திரும்புகிறது. அது ஓர் அடிமுறை. வீட்டுக்கு ஓர் அடிமுறை என்று அந்தத் தெரு முழுவதும் புதைந்திருக்கிறது. பாதி வீடுகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். தரையும் தூணும் எந்தெந்த நகரத்து ஓட்டல்களுக்கோ போய்விட்டன. ஆகவே மீட்கப்பட்ட பயிற்சி பாதிதான். மீதியை இந்தப் பெண்கள் தாங்களே இட்டுக்கட்டுகிறார்கள். எது பழையது, எது நாம் சேர்த்தது என்று பேரேட்டில் தனித்தனியாக எழுதும்படி சிகப்பி ஆச்சி உத்தரவு போடுகிறார்.

இந்தத் தரையைப் பதித்தது யார்? ஆண்கள் எங்கே போனார்கள்?

நிஜ வரலாற்றில் இந்த வீட்டு ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் வீட்டையும் நிலத்தையும் ஊர்க்காரியத்தையும் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் பர்மாவுக்குள் ஜப்பானியர் நுழைந்ததும் அந்தச் செல்வத்தை உடைத்தன. கதையின்படி மூதில் மகளிர் கடைசியாக உயிரோடு இருந்தது அந்த இடைக்காலத்தில். ஆண்களுக்குத் தெரியாமல் தரையைப் பதித்தவர்கள் அவர்கள்.

வருங்காலத்திலும் ஆண்கள் தொலைவில்தான் இருக்கிறார்கள். கடல் மேடைகளில் கூலி வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம். சிகப்பி ஆச்சியின் தம்பி ஊரிலேயே தங்கி, படைக்குச் சமைக்கிறார். அவரை வைத்து நான் சிரிப்பு மூட்டவில்லை.

படையில் இருப்பவர்கள் எந்தச் சாதி?

இதை நேராகக் கேட்பவர்கள் குறைவு. 'எந்த ஊர்ப் பக்கம்', 'எந்தக் கோவில் வகை' என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் அதிகம். பெயரேட்டில் பெண்ணின் பெயரும் அவள் குடம் நனைக்கும் ஊருணியின் பெயரும் மட்டும் எழுதப்படுகின்றன. ஒரே ஊரில் இவர்களுக்கு ஓர் ஊருணி, அவர்களுக்கு வேறு ஊருணி என்று ஒதுக்கிய வரலாறு நமக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு ஊருணிக் கதை எழுத முடியாது. பழைய பேரேட்டில் அந்த ஒதுக்கல் அப்படியே இருக்கிறது, சில ஊருணிகளுக்குக் குரலே தரப்படவில்லை. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, பழைய மரபை அப்படியே மீட்க மறுக்கும் பெண்கள்தான் படையைப் பாதியில் இரண்டாகப் பிளக்கிறார்கள்.

கார்த்திகை முதல் மாசி வரை கதையில் யாரும் சத்தமே போடுவதில்லையே?

கவனித்ததற்கு நன்றி. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இது கற்பனை இல்லை. அந்த வழக்கத்தை வட்டாரம் முழுமைக்கும் சட்டமாக்கிவிட்டேன். வடகிழக்குப் பருவமழையில் கண்மாயும் ஊருணியும் நிறையும் காலமும் அதுதான். அந்த மாதங்களில் குதிரை எழுப்பக் கூடாது, வளரிப் பயிற்சி மட்டும், அதுவும் வாய் திறக்காமல். எதிரிக்கும் இது தெரியும் என்பது மூன்றாம் பாகத்துக்கான செய்தி.

கதையில் எல்லோரும் எல்லோரையும் 'ஆச்சி' என்கிறார்களே, வயது வித்தியாசம் இல்லையா?

படைக்குள் இல்லை. பதினாறு வயதுப் பெண்ணையும் சிகப்பி ஆச்சி 'ஆச்சி' என்றுதான் அழைப்பார். வீட்டுக்குப் போனால் அப்பத்தா, ஆயா, ஆத்தா எல்லாம் பழையபடி.

கந்தரப்பம், கும்மாயம் போன்ற செட்டிநாட்டுப் பலகாரங்கள் வருமா?

வரும். கவுனி அரிசியும் வரும். சண்டைக்கு முன்னால் யாரும் சாப்பிடுவதில்லை.

பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாமா?

பன்னிரண்டு வயதுக்கு மேல் தயங்காமல் காட்டலாம். இரத்தம் குறைவு. நான்காம் அத்தியாயத்துப் பிரசவ வீட்டை மட்டும் நீங்கள் முதலில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த உலகத்தில் நாங்களும் கிளைக்கதை எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள். உங்கள் ஊர் ஊருணியை வைத்து எழுதினால் இன்னும் நல்லது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. குதிரை நடந்தால் தண்ணீர் உவர்க்க வேண்டும். கண் திறந்த குதிரையை யாரும் தொடக் கூடாது. வேலு நாச்சியாரையும் குயிலியையும் உயிர்ப்பித்து அனுப்புகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அவை இந்தத் தொடரோடு சேராது.

கதையில் வரும் இடங்களை நேரில் பார்க்க முடியுமா?

பெரும்பாலானவை இருக்கின்றன. காரைக்குடியில் தங்கினால் ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம், திருப்பத்தூர் எல்லாவற்றுக்கும் பஸ்ஸில் போய்வரலாம். சிவகங்கை சூரக்குளத்தில் 2014இல் திறக்கப்பட்ட வேலு நாச்சியார் நினைவு மண்டபம் இருக்கிறது. பறவைகளைப் பார்க்க மழைக்குப் பின் வாருங்கள், கோடையில் வந்தால் வெறும் மரங்கள்தான். கானாடுகாத்தான் வீடுகளில் பல தனியாருடையவை. ஆள் இருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், செருப்பை முகப்பிலேயே விட்டுவிடுங்கள். சிகப்பி ஆச்சியின் வீடு எது என்று அங்கே விசாரிக்க வேண்டாம். நான்கைந்து வீடுகளைச் சேர்த்துக் கட்டிய வீடு அது, வாசகர்கள் சிலர் ஏற்கெனவே ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.